மாரியப்பன் மேரியப்பன் ஆனது

செப்டம்பர் 2, திங்கள்

காலை பத்தேகாலுக்கு ரெஜினா என் அறை வாசலில் வந்து நின்றார். கையுறையைக்கூடக் கழற்றவில்லை. எங்கள் இரத்த மையத்தின் பரிசோதனைக்கூடத்தில் பதினாறு வருடமாக இருப்பவர். அவசரம் என்று எதற்காகவும் படியேறி வந்ததில்லை.

"சார், நீங்க எடுத்துக் குடுத்த லிஸ்ட்டு தப்பா இருக்கு."

பிரசவத்துக்குப் பிறகு இரத்தப்போக்கு நிற்காத ஒரு பெண்ணுக்கு ஓ நெகட்டிவ் கேட்டு மருத்துவமனையிலிருந்து எட்டு மணிக்கே ஆள் வந்திருக்கிறார். கையிருப்பில் ஒரு பைகூட இல்லை. கணினிப் பொறுப்பில் இருக்கும் நான் எடுத்துக் கொடுத்திருந்த ஓ நெகட்டிவ் கொடையாளர்கள் பட்டியலிலிருந்து நான்கு பேரை ரெஜினா அழைத்தார். முதலில் வந்தவர் பள்ளிக்கூட வாத்தியார், வகுப்பை விட்டுவிட்டு வந்தவர். அடுத்தவர் உப்பளத்திலிருந்து நேரே வந்தவர். இரண்டு பேருமே ஓ பாசிட்டிவ்.

ரெஜினா திரையை நம்புகிறவர் இல்லை. கொடையாளர் தன் வகையை நெற்றியில் பச்சை குத்திக்கொண்டு வந்தாலும், விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்த்த பிறகுதான் படுக்கையில் படுக்கவிடுவார். அதனால் தப்பித்தோம். எட்டயபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்த மூன்றாவது ஆளும் அவருக்குப் பின்னால் வந்த பெண்ணும் உண்மையான ஓ நெகட்டிவ். மதியம் ஒரு மணிக்கு அந்தத் தாய் பிழைத்துக்கொண்டாள் என்று தகவல் வந்தது. ஒன்றரை மணி நேரம் வீணாகியிருந்தது.

இது பழைய வியாதி. ஜூலையிலேயே காரணத்தைக் கண்டுபிடித்து அறிக்கை கொடுத்துவிட்டேன். கொடையாளர் விவரங்களைத் தட்டச்சு செய்துவந்த சண்முகக்கனியின் கவனக்குறைவுதான் அது. ஆங்கில எழுத்தில் பெயர்களை ஏற்றும்போது மாரியப்பன் என்பவரை மேரியப்பன் என்றும், ராஜா என்பவரை ரேஜா என்றும் அடித்துவைத்திருந்தார். மையத்தின் பொறுப்பாளர் டாக்டர் பத்மாசனி எல்லா ஊழியர்கள் முன்னிலையிலும் அவருக்கு மெமோவை வாசித்துக் கொடுத்தார். பதினொரு வருடம் வேலை பார்த்தவர், அந்த மாதக் கடைசியில் நின்றுவிட்டார். அவர் விட்டுப்போன பிழைகள் இன்னும் முளைத்துக்கொண்டிருக்கின்றன.

மற்றபடி கணினியில் குறையில்லை. ஏப்ரலில் நான் செய்த ஏற்பாட்டுக்குப் பிறகு அறிக்கைகள் சட்டென்று வருகின்றன. டாக்டரே பாராட்டினார்.

செப்டம்பர் 3, செவ்வாய்

ரெஜினா தன் கையெழுத்துப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பரிசோதித்த ஒவ்வொருவரின் இரத்த வகையும் அதில் நீல மையில் இருக்கும். இருநூறு பேரைத் திரையோடு ஒப்பிட்டதில் ஐந்து பேருடைய வகை தவறு.

ஐந்தில் ஒருவர் ஆகஸ்ட் 14-ல் சேர்ந்தவர். சண்முகக்கனி போனது ஜூலை 31. ஆகஸ்டிலிருந்து புதுப் பதிவுகளை நான்தான் அடிக்கிறேன்.

ரெஜினா அந்த வரியைப் பென்சிலால் வட்டமிட்டு, தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 4, புதன்

தண்ணீர் லாரி வரவில்லை. வீட்டில் நான்கு குடம் மிச்சம்.

ஏபி நெகட்டிவ் கொடையாளர் ஒருவரின் பக்கத்தைத் திறந்தால் இரத்த வகை இருக்கும் இடம் வெறுமையாக வருகிறது. டேட்டாபேஸைச் சோதிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். பிழை எதுவும் இல்லை என்கிறது.

செப்டம்பர் 5, வியாழன்

சர்வர் சர்வீஸுக்கு வரும் அல்போன்ஸ் வந்தார். மூடியைக் கழற்றாமலே, "ஹார்ட் டிஸ்க் போயிருக்கும் சார், அஞ்சு வருசம் ஆச்சில்லா," என்றார். இரண்டு டிஸ்க்கையும் மாற்றினார். மாலை நான்கு வரை பழைய தகவல்களைப் புதியதில் ஏற்றினோம்.

கிளம்பும்போது படிவத்தை நிரப்பிக்கொண்டே கேட்டார்: "இடையில நீங்க உள்ள ஏதும் மாத்துனீங்களா சார்? சும்மா, எழுதணுமேன்னு கேக்கேன்."

இல்லை என்றேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

புது டிஸ்க்கிலும் அதே கோளாறு.

ஒரு சோதனை செய்தேன். ஒரு கோப்பில் உள்ள அத்தனை எழுத்தையும் கூட்டிக் கழித்துக் கணினி ஓர் எண்ணைத் தரும். கோப்பு மாறாதவரை அந்த எண்ணும் மாறக்கூடாது. பேக்கப் கோப்பு ஒன்றுக்கு இருபது முறை அந்த எண்ணைக் கேட்டேன். பதினெட்டு முறை ஒரே விடை. ஏழாவது முறையும் பதினைந்தாவது முறையும் வேறு விடை. கோப்பை யாரும் தொடவில்லை. என் மடிக்கணினியில் அதையே இருபது முறை கேட்டேன், இருபதும் ஒன்று.

ஆக, டிஸ்க்கில் இருப்பது சரியாக இருக்கிறது. படிக்கும் வழியில் எங்கோ கெடுகிறது. கெட்ட பிறகு அதையே சரி என்று நினைத்துத் திருப்பி எழுதிவிடுகிறது. அதனால்தான் டேட்டாபேஸ் சோதனையில் எதுவும் தெரியவில்லை.

யுபிஎஸ்ஸாக இருக்கலாம். மின்சாரம் சீராக இல்லாவிட்டாலும் இப்படி ஆகும் என்கிறார்கள். திங்கட்கிழமை அதைப் பார்க்கவேண்டும்.

செப்டம்பர் 7, சனி

யுபிஎஸ்ஸாகத்தான் இருக்க வேண்டும்.

செப்டம்பர் 9, திங்கள்

யுபிஎஸ்ஸை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. ரெஜினா இதற்குள் இரண்டாயிரம் பேரை ஒப்பிட்டுவிட்டார். இரத்த வகையில் நாற்பத்தாறு பிழைகள், எழுபதுக்கு மேல் பெயர்ப் பிழைகள். பட்டியலை என்னிடம் கொடுத்துவிட்டு, "கனி அக்காட்ட ஒரு தடவ காட்டுங்க சார். எழுத்து வெசயம் அவியளுக்குத்தான் தெரியும்," என்றார்.

போக எனக்கு விருப்பமில்லை. போனேன்.

சண்முகக்கனி இப்போது கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் மனுக்கள் தட்டச்சு செய்கிறார். வயது ஐம்பதை நெருங்கியிருக்கும். என்னைப் பார்த்ததும் விரல்கள் ஒரு கணம் நின்றன. கையிலிருந்த பக்கத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

"வாங்க சார். உக்காருங்க."

பட்டியலை நீட்டி, எப்படி இந்தப் பிழைகள் வந்தன என்று நினைவிருக்கிறதா என்று கேட்டேன். கேட்ட விதம் சரியில்லை என்று கேட்கும்போதே தெரிந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பென்சிலால் ஒவ்வொரு பெயரின் கீழும் கோடு போட்டுக்கொண்டே போனார். கடைக்கு வந்த இரண்டு பேரைக் காத்திருக்கச் சொன்னார். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

"சார், நான் டைப்பிங்ல ஹையர் கிரேடு பாஸ் பண்ணவ. எந்த விரல் எந்த எழுத்துன்னு எனக்குத் தூக்கத்துல கேட்டாலும் தெரியும்." இடது கையைக் கடை மேசைமேல் விரித்துவைத்தார். "ஏ எழுத்து சுண்டு விரலு. இ எழுத்து நடு விரலு. வேற வரிசை வேற. ஏ அடிக்கப் போய் இ விழவே விழாது. விரல் பிசகினா பக்கத்து எழுத்துதான் விழும். ஏ-க்குப் பக்கத்துல எஸ் இருக்கு. இந்த எழுபது பேர்ல எங்கயாவது ஒரு எஸ் விழுந்திருக்கா பாருங்க."

பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

"ஐ இருக்க வேண்டிய எடத்துல எம் விழுந்திருக்கு. எச் எடத்துல எல். எல்லாமே ஒவ்வொரு எழுத்துக்கு ஒரே ஒரு எழுத்துதான். மனுசன் தப்புப் பண்ணா இவ்வளவு ஒழுங்கா பண்ண மாட்டான் சார். இது கை பண்ண தப்பு இல்ல."

பிறகு, குரலை உயர்த்தாமலே சொன்னார்: "ஜூலையிலயே இந்தத் தாளை என் கையில குடுத்திருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். யாரும் காட்டலையே."

நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆங்கில எழுத்து வரிசையில் ஏ முதலாவது, இ ஐந்தாவது. ஐ ஒன்பதாவது, எம் பதின்மூன்றாவது. எச் எட்டு, எல் பன்னிரண்டு. எல்லாவற்றிலும் சரியாக நான்கு கூடியிருக்கிறது.

இரத்த வகைகளையும் கணினி எண்களாகத்தான் வைத்திருக்கிறது. ஓ பாசிட்டிவ் ஒன்று, ஓ நெகட்டிவ் ஐந்து. ஏ பாசிட்டிவ் இரண்டு, ஏ நெகட்டிவ் ஆறு. நான்கு கூடினால் பாசிட்டிவ் அப்படியே நெகட்டிவ் ஆகிவிடும். ஏபி நெகட்டிவின் எண் எட்டு. அது பன்னிரண்டானால், அந்த எண்ணுக்கு எந்த வகையும் கிடையாது. புதன்கிழமை வெறுமையாக வந்த இடம் அதுதான்.

கணினி ஒவ்வொரு எண்ணையும் எட்டுச் சிறு விளக்குகளைப் போல் அணைத்தும் எரியவிட்டும் வைத்துக்கொள்கிறது. அதில் ஒரு விளக்கின் மதிப்பு நான்கு. எங்கோ ஓர் இடத்தில் அந்த ஒரு விளக்கு அணைய மறுத்து எரிந்துகொண்டே இருக்கிறது. அந்த இடத்தில் வந்து உட்காரும் எழுத்தோ எண்ணோ கெடுகிறது. டிஸ்க்கும் மின்சாரமும் இப்படி ஒழுங்காகக் கெடுக்காது. இப்படிக் கெடுப்பது, படித்ததைக் கணினி தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் மெமரி.

எழுந்து நின்றேன். நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. அவர் அதற்குள் காத்திருந்தவரின் மனுவை எடுத்துவிட்டார்.

இருபது வருடமாகக் கணினியோடு இருக்கிறேன். ஒரு வாரம் நான் டிஸ்க்கிலும் வயரிலும் தேடியதை அந்தப் பெண் தன் சுண்டு விரலில் கண்டுபிடித்துவிட்டார்.

செப்டம்பர் 10, செவ்வாய்

ஏழு மணிக்கே போய் சர்வரை நிறுத்தினேன். மெமரியைச் சோதிக்கும் நிரலை ஓடவிட்டேன். நாற்பது நிமிடத்தில் திரை முழுக்கச் சிவப்பு. எல்லாம் ஒரே இடம், ஒரே விளக்கு.

மூடியைக் கழற்றினேன். உள்ளே மூன்று மெமரிப் பட்டைகள். மூன்றாவதைக் கழற்றிவிட்டு மறுபடி ஓடவிட்டேன். இரண்டரை மணி நேரம், ஒரு பிழையும் இல்லை. அந்த மூன்றாவதை மட்டும் போட்டு ஓடவிட்டேன். மறுபடி சிவப்பு.

அந்தப் பட்டை சர்வரோடு வந்ததல்ல. ஏப்ரல் 6, சனிக்கிழமை நான் போட்டது. வரவேற்பறையில் கழித்துவைத்த பழைய கணினியிலிருந்து எடுத்தேன். அறிக்கைகள் மெதுவாக வருகின்றன என்று டாக்டர் மூன்று முறை சொல்லிவிட்டார், புதிது கேட்டு எழுதினால் இரண்டு மாதம் ஆகும். சர்வரில் இப்படி எதையாவது போட்டால் முதலில் ஒரு நாள் முழுக்கச் சோதிக்க வேண்டும். நான் சோதிக்கவில்லை. பதிவுப் புத்தகத்திலும் எழுதவில்லை.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, யார் யார் மறுபடி இரத்தம் கொடுக்கலாம் என்று கணக்கிட, கணினி தானாகவே எல்லாக் கொடையாளர் பதிவுகளையும் எடுத்துத் திருப்பி எழுதும். மே தொடங்கி ஐந்து முறை எழுதியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் சிலர் அந்தக் கெட்ட இடத்தில் உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறார்கள்.

ஜூலையில் நான் எழுதிய அறிக்கையை எடுத்துப் படித்தேன். ஒரு பக்கம். அதில் "கவனக்குறைவு" என்ற சொல் மூன்று இடத்தில் வருகிறது.

செப்டம்பர் 11, புதன்

டாக்டரிடம் சொல்லவேண்டும். இன்று அவருக்குக் கூட்டங்கள் இருந்தன. இரண்டு மணி முதல் மூன்றரை வரை இல்லை.

செப்டம்பர் 12, வியாழன்

சொல்லிவிட்டேன்.

டாக்டர் பத்மாசனி முழுக்கக் கேட்டார். பிறகு ஒரே கேள்வி: "ரெண்டாம் தேதி வந்த அந்த ரெண்டு பேரை ரெஜினா டெஸ்ட் பண்ணாம எடுத்திருந்தா?"

பதில் இருவருக்கும் தெரியும். பையில் லேபிள் ஒட்டும் முன் இன்னொரு பரிசோதனை உண்டு, மருத்துவமனையிலும் ஒன்று உண்டு, எப்படியும் பிடிபட்டிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

"உங்களுக்கும் மெமோ உண்டு திரவியம். அது என் வேலை, நான் பாத்துக்கிடுதேன். அந்த அம்மாவப் போய்ப் பாருங்க. அது உங்க வேலை."

செப்டம்பர் 13, வெள்ளி

மதியம் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், ஏப்ரல் 6 உட்பட. மன்னிப்புக் கேட்டேன். கடைக்காரர் காதில் விழுந்தது. விழட்டும்.

சண்முகக்கனி கண்ணாடியைக் கழற்றினார்.

"வீட்டுல எம் பொண்ணு கேட்டா சார், 'ஏம்மா, கண்ணு மங்குதா, டாக்டர்ட்ட போவோமா'ன்னு. நானும் போய்ப் பாத்தேன். கண்ணாடி மாத்துனேன். எனக்கே எம் மேல சந்தேகம் வந்துட்டு."

திரும்ப வேலைக்கு வரச்சொல்லி டாக்டர் கேட்டதைச் சொன்னேன். மெமோவை ரத்து செய்து கடிதம் கொண்டுவந்திருந்தேன், நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"மெமோவ எல்லாரையும் கூட்டிவச்சுதான வாசிச்சாவ? இதையும் அங்கயே வாசிங்க. நீங்க வாசிங்க. பொறவு வாரேன்."

செப்டம்பர் 16, திங்கள்

காலை ஒன்பதே முக்காலுக்கு எல்லோரையும் கூட்டி அந்தக் கடிதத்தை வாசித்தேன். இருபத்திரண்டு பேர். சண்முகக்கனி பின்வரிசையில் நின்றார். நடுவில் ஒரே வரியை இரண்டு முறை வாசித்துவிட்டேன். ரெஜினா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

பத்தரைக்கு சண்முகக்கனி தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்து, அதன் உயரத்தைச் சரிசெய்தார்.

செப்டம்பர் 18, புதன்

பதினான்காயிரத்துச் சொச்சம் கொடையாளர்கள். மார்ச் மாத பேக்கப் சுத்தமாக இருக்கிறது, பட்டை போடும் முன் எடுத்தது. அதையும் இன்றைய டேட்டாபேஸையும் ஒப்பிட ஒரு நிரல் எழுதினேன். நான்கு கூடியிருக்கும் இடங்களை அது காட்டிவிடும். ஆனால் ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்த எண்ணூறு பேருக்குப் பழைய பிரதி எதுவும் கிடையாது. அவர்கள் கையால் நிரப்பிய படிவங்களும் ரெஜினாவின் பதிவேடும்தான்.

ரெஜினா வாசிக்கிறார், சண்முகக்கனி அடிக்கிறார். பக்கத்து அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். இவர் நிறுத்தும் இடத்தில் அவர் விரல் நிற்கிறது. ஒரு படிவத்தில் கையெழுத்து புரியவில்லை என்றால் ஊகித்து அடிப்பதில்லை; அந்தக் கொடையாளருக்கே போன் போட்டு, "ஒங்க பேருல ரெண்டு எல்லா, ஒண்ணா?" என்று கேட்கிறார். மூன்று நாளாக அவர் அடித்ததை என் நிரல் சோதிக்கிறது. இதுவரை ஒரு பிழையும் இல்லை. நிரலில்தான் இரண்டு பிழை இருந்தது. அதைக் கண்டுபிடித்ததும் அவர்தான்.

ஜூலையில் நான் யாரைப் பற்றி அந்த அறிக்கையை எழுதினேன்?

செப்டம்பர் 21, சனி

முடிந்தது. இரத்த வகை தவறாகிப்போனவர்கள் 312 பேர். பெயர் கெட்டவர்கள் 540 பேர். எல்லாம் திருத்தியாயிற்று.

மாரியப்பன் மாரியப்பனாகிவிட்டார்.

செப்டம்பர் 23, திங்கள்

முடியவில்லை. திருத்திய பட்டியலை வைத்துக்கொண்டு சண்முகக்கனி கேட்டார்: "சார், தப்பா இருந்தப்ப நாம அச்சடிச்சுக் குடுத்த கார்டெல்லாம் எங்க இருக்கு?"

எனக்குத் தோன்றவே இல்லை. கொடையாளர்களுக்குக் கொடுக்கும் அட்டையில் இரத்த வகை பெரிய எழுத்தில் இருக்கும். மே முதல் தவறான வகையோடு அச்சான அட்டைகள் பத்தொன்பது. ஏதாவது விபத்தில், பாக்கெட்டில் இருக்கும் அட்டையைப் பார்த்து யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது. ஆஸ்பத்திரியில் மறுபடி பார்ப்பார்கள் என்றேன்.

"பாப்பாவ சார். ஆனாலும் அதுல தப்பா இருக்கக் கூடாதுல்லா?"

மாலைக்குள் பதினேழு பேரிடம் பேசி, வரச்சொல்லிவிட்டார்.

செப்டம்பர் 24, செவ்வாய்

பதினெட்டு அட்டைகள் கைக்கு வந்துவிட்டன. ஒன்று பாக்கி. திரேஸ்புரம் சவரிமுத்து, மீன்பிடித் தொழில். மூன்று நாள் தங்கி மீன் பிடிக்கப் போயிருக்கிறார். நாளை காலை கரைக்கு வருவார் என்று அவர் மனைவி போனில் சொன்னார். வந்த பிறகு இங்கே வரச்சொல்லலாம் என்றேன். கடலிலிருந்து களைத்து வருகிறவரை எதற்கு அலையவிட வேண்டும், நாமே போவோம் என்றார் சண்முகக்கனி.

செப்டம்பர் 25, புதன்

பத்து மணிக்கு நானும் சண்முகக்கனியும் என் வண்டியில் திரேஸ்புரம் போனோம். புது அட்டையை ஓர் உறையில் போட்டு மடியில் வைத்திருந்தார். கரையில் நல்ல வெயில். நாட்டுப்படகுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. ஏலம் கூறும் சத்தத்தில் பேசுவது கேட்கவில்லை. நிழலுக்கு ஒதுங்கச் சொன்னேன். ஒதுங்கினால் சவரிமுத்து இறங்கிப் போய்விடுவார் என்று சண்முகக்கனி அங்கேயே நின்றார். முக்கால் மணி நேரம்.

சவரிமுத்து பெரிய உருவம். வலையைத் தோளில் போட்டபடியே கேட்டார். நெகட்டிவ் இல்லை, பாசிட்டிவ் என்று சண்முகக்கனி விளக்கினார். அவர் முகம் வாடிப்போயிற்று.

"அட போங்கக்கா. நமக்கு அபூர்வ ரத்தம்னு போட்ல எல்லாவன்ட்டயும் சொல்லிவச்சிருக்கேன்."

"அபூர்வமா இருந்தா வருசத்துக்கு ஒருக்கா கூப்புடுவோம். இப்பம் மூணு மாசத்துக்கு ஒருக்கா கூப்புடுவோம். ஒங்க ரத்தம்தான் நெறையப் பேருக்கு வேணும் அண்ணாச்சி."

அவர் சிரித்துவிட்டார். ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறையில் சுற்றிவைத்திருந்த பழைய அட்டையை எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது கேட்டார்: "யாருக்கா இத தப்பா அடிச்சது?"

சண்முகக்கனி உறையிலிருந்து புது அட்டையை எடுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"தப்பு என்னோடதுங்க," என்றேன். "இவுக சரியாத்தான் அடிச்சாவ. நான்தான் கெடுத்தேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சரி என்பதுபோலத் தலையசைத்தார். ஏலக்காரர் அவரைக் கூப்பிட்டார். அதற்குள் சண்முகக்கனி புது அட்டையை அவர் கண்ணுக்கு நேரே பிடித்து, சுண்டு விரலால் எழுத்தெழுத்தாகத் தொட்டுக் காட்டினார்.

"போறதுக்கு முன்னால பேரு சரியா இருக்கான்னு ஒரு தடவ பாத்துக்கிடுங்க அண்ணாச்சி."

அவர் வலையை இறக்கி வைத்துவிட்டு, உதட்டை அசைத்து அசைத்து வாசித்தார்.

"சரியா இருக்குக்கா," என்றார்.